வளவுக்கு ஒரு சாட்சி

அண்ணாச்சி அவர்களுக்கு,

இன்று காலை குற்றாலம் ரோட்டில் ஈரச் சுண்ணாம்பின் வாடை. சாரல் தொடங்குமுன் வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறார்கள். உங்கள் வளவிலும், ஒரே முற்றத்தைச் சுற்றியுள்ள ஆறு குடித்தனக்காரர்களும் தத்தம் முன்னறைக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அறைகள் அடுத்த சாரலுக்கும் அவர்களிடம் இருக்குமா என்பது அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் இல்லாத முதல் சாரல் இது.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் நான் தென்காசியில் வக்கீல் தொழில் தொடங்கியபோது உங்கள் வளவில் குடிவர எவரும் விரும்பியதில்லை. பொழுது சாய்ந்தால் இருட்டு. தண்ணீருக்கு ஆற்றுக்குப் போக வேண்டும். வண்டிக்காரர்களும் நெசவாளர்களும்தான் உங்களிடம் வாடகைக்கு இருந்தார்கள். தெருவிளக்குக்கும் குழாய்க்கும் நடையாய் நடந்தவர்கள் அவர்கள். மனு எழுதிக் கொடுத்தவன் நான். விளக்கு வந்தது. சில ஆண்டுகளில் குழாய் வந்தது, பஸ்ஸும் வாசலில் நின்றது. அதன்பின்னரே அருவிச் சீசனுக்கு வருகிறவர்கள் அங்கே அறை கேட்கத் தொடங்கினார்கள்.

குடியிருப்பவர்களைக் காலி செய்யுமாறு பலரும் உங்களுக்கு யோசனை சொன்னார்கள். நீங்களோ அவர்களை முற்றத்தில் கூட்டி, "சீசன் மாசத்துல முன்னறைய வாடகைக்கு விட்டுட்டுப் பின்கட்டுல ஒதுங்கிக்கிடுங்க. வர்ற காசு ஒங்களுக்கு" என்றீர்கள்.

வண்டிக்காரர் மனைவி செல்லம்மாள் நம்பவில்லை. "அண்ணாச்சி, நாளைக்கு மாத்திச் சொல்ல மாட்டியளே?"

"வெளக்குக்கும் குழாய்க்கும் அலைஞ்சது நீங்கதானே. நான் வீட்ல விசிறிய வீசிக்கிட்டுல்லா இருந்தேன்."

அது சட்டப்படி உள்வாடகை. வீட்டுக்காரரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லையெனில் அதையே காரணமாக்கி அவர்களை வெளியேற்ற இடமுண்டு என்றேன். ஒரு தாளில் எழுதித் தரக் கேட்டேன்.

"வக்கீலய்யா, நீரு தும்முனாக்கூட ரசீது கேப்பீரு."

முற்றமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சென்ற வாரம் உங்கள் மகன் வந்தான். "மாமா, வளவ இடிச்சு லாட்ஜ் கட்டலாம்னு இருக்கேன். குடியிருக்கவுக உள்வாடகைக்குல்லா விடுதாக. நீங்கதான் நோட்டீஸ் அனுப்பணும்" என்றான். அவனைக் குறைகூற மாட்டேன். அன்று அவன் மதுரையில் படித்துக்கொண்டிருந்தான். உங்கள் சொல் அவன் காதில் விழவில்லை. அவன் அறிந்ததெல்லாம் இன்று அந்த இடம் போகும் விலை.

என்னால் இயலாது என்றேன்.

"அப்ப அவுகளுக்கு ஆஜராகப் போறியளா?"

"அதுவும் இல்ல தம்பி. சாட்சி சொல்லப் போறவன் அந்தக் கேஸ்ல வக்கீலா நிக்கக்கூடாது."

அவன் எழுந்து போனான்.

சட்டம் கேட்பது எழுத்தை. என்னிடம் இருப்பது காதால் கேட்டது. அது போதுமா என்று உறுதிகூற இயலாது. செல்லம்மாளிடமும் அவ்வாறே சொல்லியிருக்கிறேன். இதுகாறும் கூண்டில் நிற்பவர்களைக் கேள்வி கேட்டே பழகியவன், அண்ணாச்சி. வழக்கு வந்தால் நானே அந்தக் கூண்டில் ஏறி, நீங்கள் சொன்னதைச் சொன்னபடி சொல்வேன், விசிறி வீசிக்கொண்டிருந்ததையும் சேர்த்து.