அடித்துவிட்ட ஆறாவது சாமான்

அபர்தீன்
1986 மார்ச் 9, ஞாயிறு, காலை 10.40

அக்கா,

நீ எழுதியபடி மழுங்கிப்போன போல்ட் தலைகள் ஏழு. கார் உன் கராஜுக்கு வந்து இருபத்தோரு நாள். மூன்று நாளுக்கு ஒன்று என்று நாசம் செய்துகொண்டிருக்கிறாய்.

பக்கத்து வீட்டு பாரி கொடுத்த மில்லிமீட்டர் ஸ்பேனர் பெட்டியை இன்றைக்கே திருப்பிக் கொடு. அவன் ஓட்டுவது ஜப்பான் கார். நம்முடையது 1951-இல் செய்த எம்.ஜி. இதன் போல்ட் தலைகள் விட்வொர்த் அளவு, பழைய இங்கிலீஷ் அளவு. வேறு எந்த ஸ்பேனரும் அவற்றைச் சரியாகக் கவ்வாது. ஸ்க்ரூ ஸ்பேனரைத் தொடவே தொடாதே. அது சமையலறைக் குழாய்க்கு.

அடுத்தது செங்கல். “ஜாக்கியில் தூக்கி, இரண்டு செங்கல் முட்டுக் கொடுத்து, கீழே படுத்துப் பார்த்தேன்” என்று ஏதோ கடற்கரையில் படுத்ததைப் போல எழுதியிருக்கிறாய். நான் இங்கே ஹெலிகாப்டர் பழுது பார்க்கிறவன். எங்கள் கொட்டகையில் ஒருவன் இப்படிச் செய்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். செங்கல் சொல்லிவிட்டு நொறுங்காது.

போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். என்னென்ன வாங்கப்போகிறாய் என்று பட்டியல் அனுப்பு. நான் பார்த்த பிறகு வாங்கு. அப்பா அந்தக் காரை நம் இரண்டு பேர் பெயரிலும் எழுதிவைத்தார். நீ கெடுப்பது என் பாதியையும் சேர்த்துத்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கிளைவ்

*

கவென்ட்ரி
மார்ச் 16

அன்புள்ள கிளைவ் துரை அவர்களுக்கு,

தங்கள் உத்தரவு கிடைத்தது. பாரியின் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. “என்ன ராஸ், ஒன் தம்பி ஸ்காட்லாந்துல ஒக்காந்துக்கிட்டு என் ஸ்பேனரையும் சேத்துத் திட்டறானா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். “அப்ப அவன் நல்லாத்தான் இருக்கான்” என்றான்.

பட்டியல் இதோ. விட்வொர்த் ஸ்பேனர் ஒரு செட். அதே அளவில் சாக்கெட். காரைத் தாங்க இரும்பு ஸ்டாண்ட் நான்கு. இறுக்கம் போதுமானதும் ‘டக்’ என்று சொல்லும் டார்க் ரென்ச். துளைக்குள் இருக்கும் மரையைச் சுத்தம் செய்ய டேப், அதாவது பல் வைத்த எஃகுத் திருகு. ஆறாவது, மரை அளக்கும் கேஜ். பல் வைத்த தகடுகள், சின்னச் சீப்புகளைச் சேர்த்துக் கட்டியதுபோல இருக்கிறது. பழைய சாமான் சந்தையில் ஒரு அம்மாள் வைத்திருந்தாள். “பல்லு ஒக்காருதான்னு பாக்காம டேப்ப உள்ள விடாத கண்ணு, அப்புறம் ஒக்காந்து அழுவ” என்றாள். ஒரு தட்டு மீன் சிப்ஸ் விலைதான். வாங்கட்டுமா?

ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடச் சமையற்கட்டில் நானூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசிக்கிறவள். என் புருஷன் கெவின் வீட்டை விட்டுப் போன பிறகு சாயங்காலங்களை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தேன். இப்போது தெரிகிறது. அந்த கராஜில் என்னிடம் யாரும் இன்றைக்கு என்ன சாப்பாடு என்று கேட்பதில்லை. அதனால் திட்டு, ஆனால் இதை எடுத்துவிடாதே.

அன்புடன்,
ராஸ்

*

அபர்தீன்
மார்ச் 22

அக்கா,

ஐந்தும் சரி. ஆறாவதை அடித்துவிட்டேன். வாங்காதே. போல்ட் தலையைப் பார்த்தாலே மரை எனக்குத் தெரியும். தலை விட்வொர்த் அளவென்றால் மரையும் அந்தக் குடும்பம்தான். கேஜ் எதற்கு? சந்தை அம்மாளுக்கு விற்கவேண்டும், அதனால் சொல்வாள்.

வாட்டர் பம்ப்பை என்ஜினோடு பிடிக்கும் நான்கு துளைகளுக்கும் 5/16 அங்குல பி.எஸ்.எஃப். டேப் வாங்கு, அது விட்வொர்த் குடும்பத்து நெருக்க மரை. எண்ணெய் விட்டு உள்ளே செலுத்து. அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். குரங்குக்குக்கூடச் சொல்லிக் கொடுக்கலாம்.

ஸ்டாண்ட் வாங்கியதும் எழுது. அதுவரை காருக்கு அடியில் போகாதே.

கிளைவ்

*

கவென்ட்ரி
ஏப்ரல் 6

அன்புள்ள தம்பி,

குரங்கு எழுதுகிறேன். நான்கு ஸ்டாண்டும் வந்துவிட்டன. இப்போது காருக்கு அடியில் படுத்துக்கொண்டே டீ குடிக்கலாம்.

ஆனால் டேப் விஷயம் சரியாக இல்லை. முதல் இரண்டு சுற்று வெண்ணெய்போல இறங்கியது. அப்புறம் கல்லாகிவிட்டது. இன்னொன்று, துளையிலிருந்து வருவது செந்துருவாக இல்லை. வெள்ளி மாதிரி மினுக்குகிறது. துரு அப்படி மினுக்குமா? ஒரு துளையோடு நிறுத்திவைத்திருக்கிறேன். பதில் போடு.

ராஸ்

*

அபர்தீன்
ஏப்ரல் 12

அக்கா,

முப்பத்தைந்து வருஷத்துத் துரு கல்லாகத்தான் இருக்கும். பலமாகத் திருப்பு. கைப்பிடி சின்னதென்றால் குழாய்த் துண்டை மாட்டிக்கொள். ஒவ்வொரு துளைக்கும் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் இந்த நூற்றாண்டு முடிந்துவிடும். நான்கையும் முடித்துவிட்டு எழுது.

கிளைவ்

*

கவென்ட்ரி
ஏப்ரல் 27

கிளைவ்,

நான்கையும் முடித்தேன். நீ சொன்னபடியே குழாய்த் துண்டு மாட்டித்தான். இன்றைக்குப் பம்ப்பைப் பூட்டினேன். டார்க் ரென்ச் ‘டக்’ என்று சொல்லவேயில்லை. சொல்லும் சொல்லும் என்று திருப்பிக்கொண்டே இருந்தேன். நான்கு போல்ட்டும் மரை வழுக்கிச் சும்மா சுற்றுகின்றன. விரலால் இழுத்தால் கையோடு வருகின்றன. தண்ணீர் ஊற்றியதும் தரையெல்லாம் ஓடியது.

துணி போட்டுத் துடைத்துவிட்டு வந்து எழுதுகிறேன். என்ன தப்பு செய்தேன் என்று தெரியவில்லை.

ராஸ்

*

அபர்தீன்
மே 3

அக்கா,

என்ன தப்பு செய்தாய் என்று நான் சொல்கிறேன். டேப்பைக் கோணலாக விட்டிருக்கிறாய். நேராகப் பிடிக்கத் தெரியாத கையில் டேப்பைக் கொடுத்தது என் முட்டாள்தனம். நான்கு துளை. ஒன்றில் கெட்டதும் நிறுத்த ஏன் தோன்றவில்லை? அது என்ஜின் பிளாக், பிசைந்து மறுபடி தட்டிக்கொள்ள அது உருளைக்கிழங்கு இல்லை.

போதும். இந்த விளையாட்டு முடிந்தது. வாரிக் ஊரில் ஒரு பழைய கார் வியாபாரி அந்தக் காரை இப்போதிருக்கும் நிலையிலேயே எடுத்துக்கொள்கிறேன் என்று இரண்டு முறை கேட்டிருக்கிறார். ஜூலை 5 எனக்கு விடுமுறை ஆரம்பம். அன்றைக்கு அவரை கராஜுக்கு வரச்சொல்லப் போகிறேன். பாதி என்னுடையது என்பதால் நீ கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லி இழுக்க முடியாது. சாவியைத் தயாராக வைத்திரு. அதுவரை எதையும் தொடாதே.

கிளைவ்

*

கவென்ட்ரி
மே 11

கிளைவ்,

உன் கடிதத்தை ஒருமுறைதான் படித்தேன்.

ஒரு துளையோடு நிறுத்தினேன். ஏப்ரல் 6-ஆம் தேதி நான் எழுதியதை எடுத்துப் பார். வெள்ளியாக மினுக்குகிறது என்று கேட்டதும் நான்தான். பலமாகத் திருப்பு என்றது யார் என்பதையும் பார்.

மறுபடி சந்தைக்குப் போய் அந்த அம்மாளிடம் கேஜ் வாங்கினேன். நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “இந்த என்ஜினுக்குத் தல இங்கிலீசு, ஒடம்பு பிரெஞ்சு கண்ணு. எல்லாரும் ஒருவாட்டி ஏமாறுவாங்க. ஏமாத்தினது தலைதான், ஒன் கையி இல்ல” என்றாள். வீட்டுக்கு வந்து நானே அளந்தேன். காரின் சட்டத்தில் இருக்கிற போல்ட்டுகள் எல்லாம் நீ சொன்ன குடும்பம். என்ஜினில் இருப்பவை மட்டும் மில்லிமீட்டர் மரை, அதன் மேல் விட்வொர்த் தலை. அளவு எட்டு மில்லிமீட்டர். நீ சொன்ன 5/16-க்கு முடி அளவுதான் வித்தியாசம். அதனால்தான் முதல் இரண்டு சுற்று வெண்ணெய்போல இறங்கியது. அப்புறம் நான் சுத்தம் செய்யவில்லை, நல்ல மரையை அறுத்துக்கொண்டிருந்தேன். நான்கு துளையிலும், உன் பேச்சைக் கேட்டு.

என் பேச்சை நம்ப வேண்டாம். தீப்பெட்டியில் ஒரு போல்ட் வைத்து அனுப்பியிருக்கிறேன். நீயே பார். தலையைப் பார்த்தே சொல்லிவிடுவாயே.

விற்க வேண்டுமென்றால் விற்றுக்கொள். ஆனால் கராஜுக்குப் புதுப் பூட்டுப் போட்டிருக்கிறேன். அதற்குச் சாவி ஒன்றுதான், என் கழுத்தில் இருக்கிறது. நீயும் உன் வியாபாரியும் வெளியே நின்று பேசிக்கொள்ளுங்கள். இனிமேல் எனக்கு எழுதாதே.

ரோசலிண்ட்

*

அபர்தீன்
மே 17, சனி, காலை 7.15

அக்கா,

எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும்.

தீப்பெட்டி நேற்று வந்தது. கொட்டகையில் என் மேஜை இழுப்பறையிலேயே அந்தக் கேஜ் இருக்கிறது. தினமும் எடுக்கிற சாமான். மூன்று முறை வைத்துப் பார்த்தேன். மில்லிமீட்டர் பல் மூன்று முறையும் உட்கார்ந்தது. விட்வொர்த் பல் ஒருமுறைகூட உட்காரவில்லை. பக்கத்து மேஜை இயன் எட்டிப் பார்த்து, “அளக்காம டேப் விட்டவன் எவன்யா? அவன் பேரச் சொல்லு, அவன் தொட்ட மெஷின்ல நான் ஏறமாட்டேன்” என்றான். சொன்னேன். என் பெயர் என்றதும் அவன் சிரித்தான், எனக்கு அவனை அடிக்கவேண்டும்போல இருந்தது. இங்கே அளக்காமல் ஒரு திருகைக்கூடத் தொடமாட்டேன். உன் வீட்டு என்ஜினுக்கு மட்டும் என் வாயே போதும் என்று நினைத்திருக்கிறேன்.

இந்தக் கோபத்தை அனுப்ப வேறு முகவரி இல்லை. எனக்கே வைத்துக்கொள்கிறேன். நீ வெள்ளி என்று எழுதினாய். அந்த ஒரு சொல் போதும், நல்ல இரும்பு அறுபடுகிறது என்று முதல் வருஷப் பையனுக்குக்கூடப் புரிந்திருக்கும். எனக்குக் கேட்கவில்லை. சொன்னது உன் குரல் என்பதால்.

துளைகளைக் காப்பாற்ற முடியும். கொஞ்சம் அகலமாக்கி, உள்ளே கம்பிச் சுருளை மரையாகப் பதிக்கவேண்டும். ஹெலிகாப்டரில் வாரத்துக்கு இருபது செய்கிறேன். இனிச் செய்யப்போவது:

1. வாரிக் வியாபாரிக்கு இல்லை என்று எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதத்தோடு அதையும் தபாலில் போடுவேன்.

2. மே 23 வெள்ளிக்கிழமை ரயில் ஏறுவேன். ஜூலை வரை காத்திருக்கப்போவதில்லை.

3. எட்டு மில்லிமீட்டர் கம்பிச் சுருள், அதற்கான டேப், துளைக்கும் பிட் எல்லாம் கொண்டுவருவேன். நீ கேஜ் வைத்துச் சரி என்று சொன்ன பிறகு நீயே துளை போடு. நான் எண்ணெய் விடுகிறேன்.

4. என் பாதியைச் சொல்லித்தான் உன்னை மிரட்டினேன். அதை உன் பெயருக்கு மாற்றும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவருவேன்.

5. கராஜ் கதவை ஒருமுறை தட்டுவேன். நீ திறக்கும்வரை வெளியே நிற்பேன். திறக்காவிட்டால் சாமான்களைப் பாரியிடம் கொடுத்துவிட்டுப் போவேன்.

கிளைவ்