முன் இருக்கையில் மணல் மூட்டை

ஜூன் 4

காலையில் மகள் போன் செய்தாள். ஜூலைக் கடைசியில் வருகிறாளாம், ஐந்து நாள் லீவு. "மழையோட மழையா கார்லயே ஒரு சுத்து போலாம்பா. ஒரு நாள் டவுன்ல ஹோட்டல், அப்புறம் மலைமேல காட்டேஜ். அம்மா ஆசைப்பட்டாங்கல்ல?"

சரிம்மா என்றேன். மொத்தம் ஒன்றரை நிமிடம். அவள் அம்மா இருந்தவரை போன் அவளிடம்தான் இருக்கும். கடைசியில் என் கைக்கு வரும். "சாப்பிட்டியா, உடம்பைப் பாத்துக்கோ" என்று சொல்லி வைத்துவிடுவேன். எனக்குத் தெரிந்த பேச்சு அவ்வளவுதான்.

ஜூன் 5

ஐந்து நாள், ஒரே வண்டியில், நானும் அவளும் மட்டும். என்னத்தைப் பேசுவேன்?

ஜூன் 9

டவுனில் ஹோட்டல் சொல்லியாயிற்று. மலைமேல் மரத்தாலான காட்டேஜ். அதைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் ரோடு எப்படி என்று கேட்டேன். "மழைன்னா கொஞ்சம் அப்படி இப்படித்தான் சார்" என்றாள். அப்படி இப்படி என்றால்? ஓட்டிப் பார்க்காத ரோட்டில் நான் ஆளை ஏற்றியதே இல்லை. பஸ் டிப்போவில் புது ரூட் என்றால் முதலில் ட்ரையல்தான். அதுவும் காலி வண்டியில் இல்லை, சீட்டுக்குச் சீட்டு மணல் மூட்டை வைத்து. பாரம் ஏற்றாமல் வண்டியின் குணம் தெரியாது. புது டிரைவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லியே ரிட்டையரானவன் நான்.

ஆக, முதலில் நான் மட்டும் போய் வரணும்.

ஜூன் 12

"பாப்பா, உன் வெயிட் எவ்வளவு?"

"எதுக்குப்பா?"

"சும்மாதான்."

"அறுபத்திரண்டு. வெளியில சொல்லி மானத்தை வாங்கிடாதீங்க." சிரித்தாள். எத்தனை மாதம் ஆயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு!

ஜூன் 18

இரண்டு மணல் மூட்டை, ஒன்றின்மேல் ஒன்று, முன் இருக்கையில் ஏற்றி பெல்ட்டும் போட்டேன். போட்டபின் எனக்கே வெட்கமாக இருந்தது.

டவுன் ஹோட்டலில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். ரெண்டு என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. இன்னொருத்தர் எங்கே சார்? வண்டியில, என்றேன். அறைக்கு இரண்டு டீ வந்தது. இரண்டையும் குடித்தேன். ஜன்னலுக்கு வெளியே குடையும் குடையுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்தவர் ஒருத்தர்கூட அந்த ஊரில் இல்லை. என் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறதாம்.

ஜூன் 19

மலை ஏறினேன். நல்ல மழை. பதினான்கு கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவதில் மண் சரிந்து கிடக்கிறது, உள்பக்கமாக ஒட்டிப் போகணும்.

வழியில் மூட்டையிடம் பேசிப் பார்த்தேன். ஆமாம், பேசினேன்! ரோட்டைப் பழகுகிற மாதிரி பேச்சையும் பழகிக்கொள்ளலாமே என்றுதான். வேலை எப்படிம்மா போகுது? முடிந்தது. அடுத்து? மூன்று வளைவுவரை அடுத்தது வரவில்லை. அப்புறம் என்ன வந்ததோ, எல்லாமே வந்துவிட்டது. "உங்கம்மாவை ஆஸ்பத்திரியில சேத்த முதல்நாளே டாக்டர் சொல்லிட்டாரும்மா, பொண்ணை வரச் சொல்லுங்கன்னு. நான்தான் உன்கிட்ட ஒண்ணுமில்ல, வெறும் காய்ச்சல், அலையாதேன்னு சொன்னேன். சொல்லிட்டா நிஜமாயிடுமோன்னு பயம். பாப்பா வராளான்னு அவ கேட்டுக்கிட்டே இருந்தா. வந்துக்கிட்டிருக்கான்னு பொய் சொன்னேன்."

வண்டியை ஓரங்கட்டி அழுதேன். வைப்பர் ஓடிக்கொண்டே இருந்தது.

இதைத்தான் அவளிடம் சொல்லணும். சொல்லாமல் அவளோடு ஐந்து நாள் சிரித்துப் பேசினால் நான் மனுஷனே இல்லை.

காட்டேஜ் அம்மா முன் இருக்கையைப் பார்த்தாள்.

ஜூலை 11

ஐந்து நாள் மூன்றாகிவிட்டது. "லீவு தரமாட்டேங்கறாங்கப்பா." பரவாயில்லைம்மா என்றேன். எங்கே பரவாயில்லை?

ஜூலை 27

வந்துவிட்டாள். மெலிந்திருக்கிறாள், அறுபத்திரண்டெல்லாம் இருக்காது. டவுன்வரை நான்கு மணி நேரம். மழை, ரோடு, லாரி. இதைத் தவிர நான் வேறு எதுவும் பேசவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடணும் என்று ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லிலும் நினைத்தேன். ஹோட்டலில் இரண்டு டீ வந்தது. அவள் போனைப் பார்த்துக்கொண்டே குடித்தாள்.

ஜூலை 28

மலைக்கு வந்தாயிற்று. காட்டேஜ் அம்மா குடையோடு வாசலுக்கே வந்தாள். "வாங்க சார்! போன தடவை மூட்டையைக் கூட்டிட்டு வந்தீங்க, இந்த தடவை பொண்ணா?"

மகள் என்னைப் பார்த்தாள். "மூட்டையா?" ட்ரையல் விஷயத்தைச் சொன்னேன். "அதுக்குத்தான் வெயிட் கேட்டீங்களா!" விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மூட்டைகிட்ட பேசினீங்களாப்பா?" என்று கேட்டாள், விளையாட்டாகத்தான்.

பேசினேன் என்றேன். என்ன பேசினீங்க என்றாள்.

சொல்லிவிட்டேன். ஒரு வார்த்தை விடாமல்.

"எனக்கு ஒரே ஒரு நாள் கிடைச்சிருந்தா போதும்பா" என்றாள். எழுந்து அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மரச்சுவர்தானே, அழுவது கேட்டது. தட்டலாமா? தட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை?

ஜூலை 29

காலையில் சாவிக்குக் கை நீட்டினாள். "நான் ஓட்டறேன்." கொடுத்துவிட்டு முன் இருக்கையில் உட்கார்ந்தேன். ஒன்பதாவது வளைவில் மட்டும் உள்பக்கம் ஒட்டிப் போ என்றேன்.

மலை இறங்கி வெகுதூரம் வந்தபின், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் பேச ஆரம்பித்தாள். அம்மா போன செய்தி கேட்டு அன்றைக்கு ஏர்போர்ட்டில் காத்திருந்ததிலிருந்து. நான் மூட்டை மாதிரி அசையாமல் கேட்டுக்கொண்டு வந்தேன். வீடு வந்தும் அவள் நிறுத்தவில்லை. வண்டியிலேயே உட்கார்ந்திருந்தோம்.