செஞ்சோ வீட்டுக்குப் போன கூடை

பிப்ரவரி 11, செவ்வாய்

மாதா சபைப் பெண்கள் எல்லாருக்கும் உபதேசியார் ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார். வீட்டு வேலைக்கு நடுவே ஆண்டவர் காட்டுவதை தினமும் ஒரு வரியாவது எழுத வேண்டுமாம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், என் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும் என்றேன். "ஆண்டவருக்குக் கோழி எழுத்தும் தெரியும், தொமிங்கா" என்றார்.

இன்று பார்த்தது: அடைக்கோழி ஒரு கெட்டுப்போன முட்டையை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது. நாற்றம் அடிக்கிறது, ஆனாலும் சூடு கொடுக்கிறது. ஆண்டவர் நம்மிடம் இருப்பதும் அப்படித்தான் என்று எழுதி என் வீட்டுக்காரர் எலுத்தேரியோவுக்குப் படித்துக் காட்டினேன்.

"அப்போ நான் கெட்ட முட்டையா?" என்றார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது அவருக்கு.

பிப்ரவரி 13, வியாழன்

சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்தேன். விரல் வெடிப்பில் பட்டு எரிந்தது. ஆனால் சுண்ணாம்பு இல்லாமல் சோளத்தின் தோல் கழலாது. சில எரிச்சல் நமக்கும் வேண்டும் போல.

எலுத்தேரியோ சொன்னது: "எனக்கு எரிச்சல் வேணாம், ரொட்டி போதும்."

பிப்ரவரி 16, ஞாயிறு

நாளை அவரும் அவர் தம்பி கிரெசென்சியோவும் லாரியில் தக்காளி ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகிறார்கள். தம்பிதான் ஓட்டுவான். கூடைகளுக்கு மூடுதுணி தைக்க வேண்டும். இன்று பாடம் எழுத நேரம் இல்லை.

பிப்ரவரி 20, வியாழன்

எலுத்தேரியோ இல்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

மலை வளைவில் லாரி கவிழ்ந்தது. செவ்வாய்க்கிழமை அடக்கம் முடிந்தது. இதை எழுதிவிட்டால் நிஜமாகிவிடும் என்று நேற்று நோட்டை மூடி வைத்தேன். எழுதாவிட்டாலும் நிஜமாகத்தான் இருக்கிறது.

ஓட்டியவனுக்கு இடது கை மட்டும் முறிந்தது. கை மட்டும்! அவன் பெயரை இனி என் வாயால் சொல்ல மாட்டேன். முந்தின நாள் கல்யாண வீட்டில் குடித்தவன் விடியும் வரை நிறுத்தவில்லை என்று ஊரே பேசுகிறது.

பாடம் — என்ன பாடம்? உபதேசியார் வந்து கேட்கட்டும், சொல்கிறேன்.

பிப்ரவரி 22, சனி

அவரைக் கிடத்தியிருந்த இடத்தில், தரையில் சுண்ணாம்புச் சிலுவை போட்டிருக்கிறோம். சுற்றிலும் பூ, நான்கு மெழுகுவர்த்தி. ஒவ்வொரு சாயங்காலமும் செபமாலை. ஒன்பதாம் நாள் முடிந்து விடியும்போது ஞானத்தகப்பன் ஒருவர் வந்து அந்தச் சிலுவையைத் தரையிலிருந்து எடுக்க வேண்டும். தலை, கை, கை, நெஞ்சு, கால் என்று பகுதி பகுதியாகப் பூவால் கூட்டித் தட்டில் அள்ளி, பெட்டியில் போட்டுக் கல்லறைக்குக் கொண்டுபோக வேண்டும். அப்போதுதான் ஆன்மா வீட்டை விட்டுப் போகும்.

எனக்கு அவர் போக வேண்டாம். இதையும் எழுதி வைக்கிறேன், பாவமாக இருந்தாலும்.

செபம் நடக்கும்போது அவன் தெருவின் அந்தப் பக்கம் நிற்கிறான். கழுத்திலிருந்து கட்டுப்போட்ட கை தொங்குகிறது. உள்ளே வருவதில்லை, போவதும் இல்லை. செபம் சொல்லும் பிரிசில்லியானா அக்கா, "அருள் நிறைந்த மரியே" நடுவிலேயே ஒரு கண்ணால் அவனைப் பார்த்தாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

என் மகன் எவரிஸ்தோ செங்கல் சூளையிலிருந்து வந்ததிலிருந்து அழவே இல்லை. காலையில் கொல்லையில் உட்கார்ந்து வெட்டுக்கத்தி தீட்டினான். அறுப்பும் இல்லை, விறகும் போதுமான அளவு இருக்கிறது.

"எதுக்குடா அது?"

"சும்மா."

"எவரிஸ்தோ."

"அப்பா தரையில கிடக்கறவரைக்கும் ஒண்ணும் பண்ண மாட்டேன்மா. சிலுவையைத் தூக்கட்டும். அப்புறம் அவனாச்சு நானாச்சு."

கத்தி முனையைக் கட்டைவிரலில் வைத்துப் பார்த்தான். இருபத்திரண்டு வயது. அவனுக்கு நடக்கக் கற்றுக்கொடுத்ததே அந்தச் சித்தப்பன்தான்.

ஆண்டவரே, ஒன்றை எடுத்துக்கொண்டீர். இரண்டாவதையும் கேட்கிறீரா?

பிப்ரவரி 24, திங்கள்

அவரைக்கொட்டை வேகவில்லை. மூன்று மணி நேரம் அடுப்பில் கிடந்தும் கல்லாகவே இருந்தது. பிறகுதான் ஞாபகம் வந்தது, நான் உப்பை முதலிலேயே போட்டுவிட்டேன். முதலில் உப்பு விழுந்தால் கொட்டை இறுகிப்போகும், கடைசியில்தான் போட வேண்டும். இருபத்தைந்து வருடம் சமைக்கிறவளுக்கு இது மறந்துபோனது.

தீர்ப்பும் அப்படித்தான் என்று மனசில் வந்தது. வேண்டாம், இந்தப் பாடம் வேண்டாம். யார் கேட்டார்கள்? அடித்துவிடப் பார்த்தேன். மை வீணாகும் என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

ஞானத்தகப்பனைக் கேட்கும் நாள். எங்கள் கல்யாணத்துக்கு ஞானத்தகப்பனாக நின்ற கிழவர் இனொசென்சியோ இருக்கிறார். சிலுவையைத் தூக்கவும் அவரே சரி என்று நினைத்தேன். முறைப்படி கூடையில் இனிப்பு ரொட்டியும் சாக்லேட் கட்டியும் வைத்து மூடினேன். கூடையை வாங்கி ரொட்டியைப் பிட்டுவிட்டால் சம்மதம் என்று பொருள். அதற்கப்புறம் யாராலும் மாற்ற முடியாது.

துக்க வீட்டுக்காரி வாசல் தாண்டக்கூடாது. பக்கத்து வீட்டு நிக்கனோராவிடம் கொடுத்தேன். "செஞ்சோகிட்ட குடுத்துட்டு வா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன்.

சாயங்காலம், செபத்துக்கு முன்னே

நிக்கனோரா முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"தொமிங்கா, உனக்கு எவ்வளவு பெரிய மனசுடி! நான் கூடையை நீட்டினதும் அவன் ஒரு நிமிஷம் நம்பவே இல்ல. 'அண்ணியா அனுப்பினா? அண்ணியேவா?'ன்னு மூணு தரம் கேட்டான். அப்புறம் ரொட்டியைப் பிட்டு வாயில வச்சுக்கிட்டு வாசப்படியிலேயே உக்காந்துட்டான்."

"யாருக்குடி?"

"செஞ்சோவுக்குத்தான். வேற யாருக்கு?"

எங்கள் ஊரில் சுருக்கிக் கூப்பிட்டால் இனொசென்சியோவும் செஞ்சோதான், கிரெசென்சியோவும் செஞ்சோதான். இந்த எட்டு நாளாக அவன் பெயரை நான் வாயிலிருந்தே துடைத்துவிட்டதில், ஊரில் ஒரே ஒரு செஞ்சோ இருப்பதாக நினைத்துப் பேசியிருக்கிறேன். கிழவரை ஊரில் யாருமே செஞ்சோ என்று கூப்பிட்டுப் பத்து வருடம் இருக்கும்.

"நான் சொன்னது இனொசென்சியோ தாத்தாவை!"

நிக்கனோரா வாயைப் பொத்தினாள். பிறகு கையை எடுத்துவிட்டு, "ரொட்டி உள்ள போயிடுச்சே" என்றாள்.

எவரிஸ்தோ கதவருகே நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். வெளியே போனான். கத்தி சுவரில்தான் இருந்தது. பார்த்தேன், இரண்டு தடவை பார்த்தேன்.

பிப்ரவரி 26, புதன்

பிரிசில்லியானா அக்காவிடம், கூடையைத் திருப்பி வாங்க வழி உண்டா என்று கேட்டேன்.

"உண்டு. நீயே போயி அவன் வாய்க்குள்ள கைவிட்டு ரொட்டியை எடுத்துக்கிட்டு வா. அது ஒண்ணுதான் வழி." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சிலுவையைத் தூக்கிட்டா அவன் உனக்கு ஞான உறவுல கொம்பாத்ரே, உன் மகனுக்கு ஞானத்தகப்பன். உங்களுக்குள்ள அப்புறம் நீ-வா-போ கிடையாது, 'நீங்க'தான். ஞானத்தகப்பன் மேல கை வச்சவன் இந்த ஊர்ல ஒருத்தனாவது இருக்கானா? யோசிச்சுப் பாரு."

யோசித்தேன். காலை முழுக்க அதுதான் யோசனை.

துக்க வீட்டுக்காரி வாசல் தாண்டக்கூடாது. தாண்டினேன். கூடையைக் கேட்கத்தான் போனேன், சத்தியமாக.

அவன் கொல்லையில் மரச்சிலுவைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தான். கல்லறையில் நடும் சிலுவை ஞானத்தகப்பன் கொண்டுவர வேண்டியது. ஒரு கையால் அடித்ததில் பெயிண்ட் பாதி அவன் காலில் வழிந்திருந்தது.

"தப்பா வந்துச்சா கூடை?" என்றான், திரும்பாமலே. "நேத்தே தோணுச்சு. வேணாம்னா சொல்லு அண்ணி, திருப்பித் தந்துடறேன். ரொட்டிதான்... சாப்பிட்டுட்டேன்."

தூரிகையைப் பெயிண்ட் டப்பாவில் முக்கினான்.

"குடிச்சிருந்தேன். ரெண்டு டம்ளர். அண்ணன் நிறுத்தச் சொன்னாரு. வளைவுக்கு முன்னாடியே சொன்னாரு, 'செஞ்சோ, ஓரமா நிறுத்து, நான் ஓட்டறேன்'னு. எனக்கு ரோசம். நிறுத்தல."

அங்கே ஒரு கல் கிடந்தது. அதை எடுத்து அவன் தலையில் போடலாம் என்று இருந்தது. நிஜமாகவே இருந்தது. ஆண்டவர் பார்க்கிறார் என்று தெரிந்தும் இருந்தது.

"வெள்ளி விடியக்காலை வா" என்றேன். "சட்டையைத் துவைச்சுப் போட்டுக்கிட்டு வா."

கூடை இல்லாமல் வீட்டுக்கு வந்தேன்.

இது மன்னிப்பா? இல்லை. மகன் கையில் ரத்தம் படக்கூடாது என்ற பயம். பயத்தில் செய்வதை ஆண்டவர் ஏற்பாரா? உபதேசியாரிடம் கேட்க வெட்கமாக இருக்கிறது. நானே எழுதுகிறேன்: குளிருக்குப் பயந்து மாட்டுக் கொட்டகையில் நுழைகிறவனுக்கும் கூரை கூரைதான்.

பிப்ரவரி 27, வியாழன்

"அவன் உள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்" என்கிறான் எவரிஸ்தோ.

"போ. ஆனா கத்தியை வச்சிட்டுப் போ."

"நீ அப்பாவை மறந்துட்டியா அம்மா?"

கையில் அகப்பை இருந்தது, அதை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு நின்றேன். அவன்தான் முதலில் பார்வையை எடுத்தான்.

விருந்துக்குக் கோழி அறுத்தேன், குழம்புக்கு மிளகாய் வறுத்தேன். கண் எரிந்ததில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

விடியும் முன்னே வந்துவிட்டான். துவைத்த சட்டை. தோளில் வெள்ளைச் சிலுவை. உள்ளே வந்ததும் செபம் சொன்ன குரல்கள் இறங்கிவிட்டன. பிரிசில்லியானா அக்கா மட்டும் சத்தத்தைக் கூட்டினாள்.

எவரிஸ்தோ வெளியே போகவில்லை. கதவில் சாய்ந்து நின்றான், கைகளைக் கட்டிக்கொண்டு.

முழங்கால் போட்டு, பூவால் சுண்ணாம்பைக் கூட்ட வேண்டும். மற்றக் கையால் தட்டைப் பிடிக்க வேண்டும். அவனுக்கு மற்றக் கை இல்லை. கூட்டக் கூட்டத் தட்டு நழுவியது. தலைப் பகுதியே பாதி சிதறிவிட்டது. எலுத்தேரியோவின் தலை வைத்திருந்த இடம் அது.

யாரும் அசையவில்லை. துக்க வீட்டுக்காரர்கள் சொல்லாமல் யாரும் தொட மாட்டார்கள். அவன் கட்டுப்போட்ட கையால் தட்டை அணைக்கப் பார்த்தான். நெற்றியில் வியர்வை.

நான் போய் எதிரில் முழங்கால் போட்டேன். தட்டைப் பிடித்தேன். அவன் மூச்சு என் முகத்தில் பட்டது, சாராய வாடை இல்லை. தலை, கை, கை, நெஞ்சு. ஒவ்வொன்றாக எலுத்தேரியோ தரையை விட்டு எழுந்தார். கால் பகுதி வந்தபோது, "கொஞ்சம் இரு" என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அதையும் அள்ளியாகிவிட்டது.

முறைப்படி நான் சொல்ல வேண்டும். சொன்னேன்: "நன்றி, கொம்பாத்ரே. நீங்க செஞ்சதுக்கு." நிக்கனோரா தேம்பினாள்.

அடுத்து மகன் வந்து ஞானத்தகப்பன் கையை முத்தமிட வேண்டும். எல்லாரும் திரும்பி எவரிஸ்தோவைப் பார்த்தார்கள். அவன் கதவை விட்டு வந்தான். மெதுவாக வந்தான். கைகள் இரண்டும் கீழே தொங்கின. நான் தட்டோடு எழுந்து இருவருக்கும் நடுவில் நிற்கலாமா என்று பார்த்தேன்.

அவன் குனிந்தான். கையை முத்தமிடவில்லை. தரையைப் பார்த்தான். சிதறிய சுண்ணாம்பில் ஒரு கோடு அங்கேயே கிடந்தது. ஒரு துளி மிச்சம் விடக்கூடாது, அது எல்லாருக்கும் தெரியும்.

"இங்க கொஞ்சம் விட்டுட்டீங்க" என்றான்.

விட்டுட்டீங்க.

கிரெசென்சியோ பூவை எடுத்தார். எவரிஸ்தோ என் கையிலிருந்து தட்டை வாங்கி, தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

மே 15, வியாழன்

முந்தாநாள் மழை. இன்று விதைப்பு. மாதா சபையில் நோட்டைப் படிக்கச் சொன்னார்கள், படிக்க மாட்டேன் என்றேன். உபதேசியார் வற்புறுத்தவில்லை.

லாரிச் சத்தம் கேட்டால் இன்னும் கை வேலையை நிறுத்திவிடுகிறது. கோபமும் இருக்கிறது, சில நாள் நிறைய. அதையும் ஆண்டவரிடம் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

மத்தியானம் எவரிஸ்தோ மண் காலோடு சாப்பாடு வாங்க வந்தான்.

"எப்படிப் போகுது?"

"மாடு ஓட்டறது நான். விதை போடறது அவரு. கை இன்னும் சரியா மடங்கல, வரிசை எல்லாம் கோணல். சொன்னா, சோளம் என்ன பள்ளிக்கூடத்துக்கா போகப்போகுதுங்கறாரு." அவன் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. "அம்மா, அவருக்கு மிளகாய் வேணாம். வயிறு எரியுதாம்."

இரண்டு பொட்டலம் கட்டினேன். மிளகாய் போடாததை மேலே வைத்தேன்.