மூன்று மணி நேரத்தில் கொழும்பு

மாசி 3, செவ்வாய்.
காலையிலிருந்து மூட்டம். மலை தெரியவில்லை. மொச்சை பறிக்க ஆள் வரவில்லை.

கொழும்பிலிருந்து மகள் கடிதம். முழுவதும் நானே வாசித்தேன். அறுபத்து நான்கு வயதில் எழுத்துப் படித்தவன். இரண்டு இடத்தில்தான் விரல் நின்றது.

பெண் குழந்தை. பெயர் சொல்லி இரண்டு வீட்டாரும் எழுத வேண்டுமாம். மாப்பிள்ளை தீர்ப்பு: எந்தக் கடிதம் முந்தி வருகிறதோ அந்தப் பெயர்.

என் ஆத்தா பெயர் வேலம்மாள். வேறு பேச்சில்லை. சம்பந்திக்கு எழுத்து தெரியாது. அவர் வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டினேன். நியாயம் நியாயம்தான். அவர் ஆத்தா பெயர் பேச்சியம்மாளாம். எழுத ஆள் தேடப் போய்விட்டார்.

மாசி 4, புதன்.
காப்பிக் கடைப் பத்திரிகையில் கண்டது: திருச்சி – கொழும்பு, ஆகாய விமானம். முந்நூறு மைலுக்குள். மூன்று மணி நேரத்துக்குள். சம்பந்தியின் கடிதம் ரயில், கப்பல், மறுபடி ரயில்.

கடிதம் எழுத ஒரு முற்பகல் ஆயிற்று. ‘வேலம்மாள்’ நன்றாக விழுந்தது. ள் கொஞ்சம் பெரிது.

தபாலாபீசில் விமானத் தபால் என்றேன். போஸ்ட்மாஸ்டர், “பெரியவரே, பிளேன் என்னைக்கு…” என்று ஆரம்பித்தார். “எத்தனை மணி நேரத்துல போகும்னு பேப்பர்லயே போட்டிருக்காக. நானே படிச்சேன்” என்றேன். நீலச் சீட்டு ஒட்டினார். எனக்குப் பின்னால் சம்பந்தி, சாதாரண உறையுடன். பார்த்துச் சிரித்தேன்.

மாசி 9, திங்கள்.
வெயில்.

அநியாயம். விமானம் வாரத்துக்கு ஒரு தடவைதானாம். என் கடிதம் திருச்சி போய்ச் சேருவதற்கு முதல் நாள் கிளம்பிவிட்டதாம். அடுத்தது வரும்வரை என் வேலம்மாள் திருச்சியில் மூட்டைக்குள் கிடக்க வேண்டும். போஸ்ட்மாஸ்டர் இன்றைக்குச் சொல்கிறார். அன்றைக்கே சொல்ல வந்தாராம்.

ஓடுகிற மணியை அச்சில் போட்டவனுக்கு, நிற்கிற நாளைப் போட மை இல்லையா? போடி ஊர் போக எவ்வளவு நேரம் என்று கேட்டால் வண்டிக்காரர் நாங்களும் சக்கரம் உருளும் நேரத்தைத்தான் சொல்வோம். மாடு அவிழ்த்து நிற்பதைக் கேட்கிறவன் சேர்த்துக்கொள்வான். அது வண்டிப்பேட்டை வழக்கம். நாற்பது வருடம் ஏலக்காய் வண்டி ஓட்டிய நானே சேர்க்கவில்லை. அச்சு என்றதும் நம்பிவிட்டேன்.

சம்பந்தி கிணற்றடியில், எல்லோர் முன்னிலும்: “என்ன சம்மந்தி, ஏரோப்ளேன் எங்கன மாட்ட அவுத்துப் போட்டிருக்கு?”

பெண்கள் சிரித்தார்கள்.

மாசி 14, சனி.
உச்சி வெயில். சம்பந்தி வந்தார். கையில் கொழும்புக் கடிதம், அவர் பெயருக்கு. பிரிக்கவே இல்லை.

“நம்ம மருமக என்ன எழுதியிருக்காகன்னு வாசிங்க சம்மந்தி.”

பிரித்தேன். இரண்டாம் வரியிலேயே பேச்சியம்மாள். கீழே, அப்பா கடிதம் இன்னும் வரவில்லை, உடம்புக்கு என்ன என்று கேட்டிருக்கிறாள்.

என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வேலம்மாள் என்று நான் வாசித்திருந்தால் அவருக்கு வேலம்மாள்தான். மகள் ஊருக்கு வரும்வரையாவது. நாக்கு நுனிவரை வந்தது.

இருந்ததையே வாசித்தேன். படித்ததற்கு இதுதான் கூலி.

“இன்னொருக்கா, அந்தப் பேரு வார எடம்” என்றார். வாசித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னொருக்கா.” வாசித்தேன்.

நான்காம் தடவை கேட்டபோது, வெளிச்சம் போதவில்லை என்று சொல்லிவிட்டேன்.