தம்பிக்குப் பிழிந்த பம்பளிமாஸ்

மார்ச் 4, செவ்வாய்
இன்று மூன்று பேருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தேன். மூவருக்கும் கிளட்சைக் கண்டாலே ஆகாது. தொண்டை கட்டிவிட்டது.

மாலை தம்பி வீடு. என் சிறுநீரகங்களில் ஒன்றை அவனுக்கு வைத்து ஏழு மாதம் ஆகிறது. கொடுத்ததோடு சும்மா இருக்க முடிகிறதா? ஒரு வாரமாகத் தினமும் பம்பளிமாஸ் பழத்தைப் பிழிந்து எடுத்துப் போகிறேன். "அதான் குடுத்துட்டியேக்கா, இன்னும் என்ன அதிகாரம்?" என்கிறான். குடித்து முடித்துவிட்டுத்தான் கேட்கிறான்.

மார்ச் 11
அவனுக்குக் கை நடுங்குகிறது. சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை.

மார்ச் 12
ரத்தப் பரிசோதனை. புது உறுப்பை உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்கப் போடும் மாத்திரை, ரத்தத்தில் இரண்டு மடங்கு ஏறியிருக்கிறதாம். சிறுநீரகமும் சோர்ந்திருக்கிறது. "மாத்திரை கூடப் போட்டீங்களா? வேற ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்றார் டாக்டரம்மா. அவன் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நான்தான் எண்ணிக் குடுக்கிறேன் டாக்டர். கைமருந்து எதுவும் கிடையாது. வீட்டுச் சாப்பாடுதான்."

மாத்திரையைக் குறைத்திருக்கிறார். காரணம் அவருக்கும் புரியவில்லை.

மார்ச் 13
போய்விடுமோ? இன்னொன்றைக் கொடுக்க என்னிடம் இல்லையே.

மார்ச் 14
ஆஸ்பத்திரியில் கொடுத்த சாப்பாட்டுத் தாளை இன்றுதான் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் அச்சடித்திருக்கிறார்கள். பம்பளிமாஸ் கூடாது என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஏழு மாதமாக முன்பக்கத்தை மட்டும் படித்துவிட்டு எல்லாம் தெரிந்தவள் மாதிரி அலைந்திருக்கிறேன் — என் கையாலேயே பிழிந்து — பாவி நான்.

சொல்லாமல் விட்டுவிடலாமா? ஒரு நிமிடம் அப்படியும் தோன்றியது. பிறகு போன் செய்தேன். டாக்டரம்மா திட்டவில்லை. "அந்த மாத்திரையை உடைச்சு வெளியேத்துறதுக்கு ஈரல்லயும் குடல்லயும் ஒரு நொதி இருக்கும்மா. பழத்துல இருக்கிற சில பொருளை உடைக்கப் போய் அந்த நொதியே முடங்கிடும். அப்புறம் மருந்து போக வழியில்லாம ரத்தத்துலயே தேங்கிடும். சாறை நிறுத்துங்க. உடம்பு புது நொதி செஞ்சுக்கும். ரெண்டு மூணு நாள் ஆகும்."

தம்பியிடமும் சொன்னேன். "குடுத்ததைத் திருப்பி எடுத்துக்கப் பாத்தியா?" என்றான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மார்ச் 16
வெறுங்கையோடு போனேன். கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

மார்ச் 19
ரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கிவிட்டது. சிறுநீரகமும் தேறி வருகிறதாம். யார் அதிகாரமும் இல்லாமல் உள்ளே வேலை நடந்திருக்கிறது. டாக்டரம்மா மாத்திரையைப் பழைய அளவுக்கே ஏற்றிவிட்டார்.

ஏப்ரல் 2
அறுவைக்குப் பிறகு தம்பி முதல் முறையாக அச்சகத்துக்கு வேலைக்குப் போனான். மதியம்வரை தாங்கினேன், அதற்கு மேல் முடியாமல் கூப்பிட்டேன். பின்னால் இயந்திரம் ஓடும் சத்தம். "வேலையா இருக்கேன்க்கா, அப்புறம் பேசுறேன்" என்று வெடுக்கென வைத்துவிட்டான்.

நோய் வந்த நாளிலிருந்து வேலை இருக்கிறதென்று அவன் என் போனை இப்படி வெட்டியதே இல்லை. நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தது.