சால்வைக்குள் சொன்ன விலை

பூராவோ ஒட்டகச் சந்தை, மார்ச் 4

அன்புள்ள ஹோதனுக்கு,

சமதர் எழுதிக்கொள்வது. நலம். நீ கொடுத்தனுப்பிய அல்வா என் வாய்க்கு எட்டுவதற்குள் தீர்ந்துவிட்டது. ஒட்டகம் ஓட்டும் நம் ஆட்களுக்கு நல்ல மூக்கு.

இன்று பெரியவர் ஜாமாவின் ஒட்டகங்களை விலை பேசி வாங்கி முடித்தேன். துறைமுகத்தில் கப்பல் காத்து நிற்பதைப் பற்றி மூச்சுவிடவில்லை. அவர் பக்கம் மேய்ச்சல் கருகிவிட்டதை மட்டும் முன்பே விசாரித்து வைத்திருந்தேன். என் சால்வைக்குள் அவர் என் விரல்களைப் பிடித்து, விரல் கணக்கிலேயே முதல் விலையைச் சொன்னார். கையை உருவிக்கொண்டு எழுந்தேன். "உக்காருப்பா, எங்க ஓடுற" என்றார். உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். எழுந்து போகத் தெரிந்தவனுக்குத்தான் விலை படியும் என்று உனக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். கேட்டதில் பாதிக்கும் கீழே படிந்தது. கடைசியில் ஒவ்வொரு ஒட்டகத்தின் கழுத்தையும் தடவிவிட்டுக் கயிற்றை என்னிடம் கொடுத்தார்.

அதோடு விட்டேனா? டீக்கடையில் உட்கார்ந்து எல்லார் காதிலும் விழும்படி அந்த விலையைச் சொன்னேன். "ஜாமாவே இதுக்குக் குடுத்துட்டாரு, உங்களுக்கு என்னய்யா ராங்கி" என்றேன். மற்றவர்களும் மளமளவென்று இறங்கி வந்தார்கள். கெட்டிக்காரன் என்று நீயாவது ஒரு வரி எழுது.

உன் சமதர்

பெர்பெரா துறைமுகம், மார்ச் 7

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நலம். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அவ்வளவு நலமில்லை. நீங்கள் கெட்டிக்காரர்தான், என் அப்பாவே ஒத்துக்கொள்வார். ஆனால் விலையை வெளியே சொல்லலாமா? பேசுவது பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியக் கூடாது என்றுதானே சால்வையைப் போர்த்துகிறோம். நொந்துபோய் விற்ற மனுஷன் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போக அந்தத் துணி ஒன்றுதான் மறைப்பு. ஊர் நடுவில் அதை உருவிவிட்டீர்கள்.

நீங்கள் ஒட்டகங்களோடு இங்கே வரும் வழியில், கணவாய்க்கு முன்னால் இருக்கும் கிணறு அவருடைய ஆட்களுடையது. திரும்பிப் போய்க் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள், அதே டீக்கடையில் மன்னிப்புக் கேளுங்கள். மனசு வரவில்லையென்றால் சுற்று வழியிலாவது வாருங்கள். கப்பல் போனால் போகட்டும். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஹோதன்

வழியில், மார்ச் 10

அன்புள்ள பயந்தாங்கொள்ளிக்கு,

உன் கடிதத்தை லாரிக்காரர் வழியில் கொடுத்தார். இனிமேல் திரும்பிப் போய்க் கூட்டிக் கொடுத்தால் அடுத்த வருஷம் ஒருத்தனும் எனக்கு இறங்கி வரமாட்டான். சுற்று வழி என்றால் கப்பல் கை நழுவிவிடும்.

ஜாமாவின் மகன்கள் நேற்று முதல் எங்களோடு நடக்கிறார்கள். நீ பயந்ததற்கு நேர்மாறாக அவ்வளவு மரியாதை. ஒட்டகம் மிரண்டால் எங்களுக்கு முன்னால் ஓடிப்போய்ப் பிடிக்கிறார்கள். "அப்பா கிணத்தடியில உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காரு அண்ணே" என்றான் மூத்தவன். ஒன்றுதான் உறுத்துகிறது. டீ கொடுத்தேன், தொடவில்லை. பால் கொடுத்தேன். "இப்பத்தான் குடிச்சோம்" என்றான். நோன்பு மாதமும் இல்லை. எங்கள் கையால் எதையுமே வாங்க மாட்டேன் என்கிறார்கள்.

நாளை கிணற்றை எட்டிவிடுவோம். அங்கிருந்து எழுதுகிறேன்.

சமதர்

பெர்பெரா, மார்ச் 14

என் சமதருக்கு,

ஒட்டகங்கள் வந்து சேர்ந்தன. ஒன்றும் குறையவில்லை, எல்லாம் வயிறு நிறையத் தண்ணீர் குடித்திருந்தன. ஓட்டிகளும் வந்தார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. முன்னால் வந்த ஒட்டகத்தின் கழுத்தில் உங்கள் சால்வை மடித்துக் கட்டியிருந்தது.

"பெரியவரு அண்ணனை விருந்துக்கு நிறுத்திக்கிட்டாரு. அண்ணனுக்கு என்ன வெலைன்னு அண்ணி வந்து பேசட்டும்னாரு. வாய் திறக்க வேணாமாம். சால்வையை மட்டும் எடுத்துட்டு வரணுமாம்" என்றான் ஓட்டி.

கப்பலில் எதையும் ஏற்றவில்லை. விடிந்ததும் அத்தனை ஒட்டகங்களையும் திருப்பி ஓட்டிக்கொண்டு நானே புறப்படுகிறேன். வேற்று ஆணின் கையை நான் இதுவரை தொட்டதில்லை. அவர் கையைத் தொடுவேன். இந்தக் கடிதத்தை ஓட்டி முன்னால் கொண்டு போகிறான். உங்கள் கைக்குச் சேருமா என்று கேட்டேன். அவன் ஒட்டகத்துக்குச் சேணம் கட்டப் போய்விட்டான்.

எழுந்து போகத் தெரிந்தவனுக்குத்தான் விலை படியும் என்பீர்கள். பெரியவர் என்ன விலை சொன்னாலும் நான் எழுந்து வர முடியாது. அது அவருக்கும் தெரியும்.

உங்கள் ஹோதன்