காற்றுக்கு உருளாத தொட்டிகள்

அன்பு நாத்தனாரே, என் வசந்தி,

உன் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். பங்குனியில் நீ போனாய். வருஷம் திரும்புவதற்குள் வீட்டில் ஒரு நல்ல காரியம் நடக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள், காவ்யாவும் சரி என்றுவிட்டாள். மாப்பிள்ளை நல்ல பையன். சென்னையில் வேலை, ஆறாவது மாடியில் வீடு. அதிகம் பேசமாட்டான். நம் குடும்பத்துக்கு அப்படி ஒருவன் தேவைதான்.

ஆனால் உன் மகள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். "தாய்மாமன் சீரெல்லாம் வேணாம் அத்தை. மாமாவும் நீங்களும் வந்து நின்னா போதும்" என்றாள். ஏன்டி என்று கேட்டேன். "சீர் வரும்போது வாசல்ல அம்மாதான் நின்னு வாங்கணும். அந்த எடம் காலியா இருக்கறத என்னால பாக்க முடியாது" என்றாள். உன் அண்ணன் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். தங்கை மகள் கல்யாணத்தில் வெறுங்கையோடு போய் நிற்பது அவருக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாதா?

எனக்கும் தாங்கவில்லை. நீ கேட்ட சீரையே செய்வது என்று முடிவெடுத்தேன். புயல் அடித்த மறுநாள், உன் மாடித் தொட்டிகளெல்லாம் உருண்டு உடைந்து கிடந்தபோது, செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினாயே, நினைவிருக்கிறதா? "சிமெண்டுல நாமளே தொட்டி செய்யலாம் அண்ணி. எந்தக் காத்துக்கும் உருளாது. காவ்யா கல்யாணத்துக்கு எவர்சில்வர் அண்டாவத் தூக்கிட்டு வராதீங்க, இதுல செடி வச்சுக் கொண்டாங்க" என்றாய். உனக்கு வேறு வேலையே இல்லையா என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

சாமான் சேர்க்கவே ஒரு வாரம் ஆயிற்று. அச்சுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு டப்பா வேண்டும். நம் வீட்டில் அதற்கா பஞ்சம்? கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று போன இடத்திலெல்லாம் கொடுத்த பிளாஸ்டிக் டப்பாக்கள் பரண் முழுக்கக் கிடந்தன. மூடியில் மணமக்கள் பெயர் வேறு. அதில் ஒரு ஜோடி இப்போது கோர்ட்டுக்கு அலைகிறது, டப்பாவில் மட்டும் ஒரு கீறல் இல்லை. சிமெண்டு ஒட்டாமல் இருக்க, பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெயைத் தடவினேன். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை வேண்டுமே, அதற்குப் பப்பாளி இலைக் காம்பைத் துண்டு போட்டு நட்டு வைத்தேன். இது வீடியோவில் இல்லை, என் சொந்த மூளை.

சிமெண்டுக்குப் பாபநாசம் கடைத்தெருவில் பாய் கடைக்குப் போனேன்.

"மணலுக்கு என்னம்மா பண்ணப் போறீங்க?"

"எங்க வாய்க்கால்ல இல்லாத மணலா?"

"அதுல வண்டல் கலந்திருக்கும்மா. நாத்து நல்லா வரும், சிமெண்டு பிடிக்காது. கல்லை அரைச்ச எம்-சாண்ட் எடுத்துட்டுப் போங்க."

நம் மண்ணைக் குறை சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

முதல் தடவை ஆறு தொட்டி வார்த்தேன். மறுநாள் அச்சைக் கழற்றினால், அடேயப்பா, ஆறும் அவ்வளவு அழகு. அப்போதுதான் என் புத்தி வேலை செய்தது. குறுவை அறுப்பு முடிந்து ரோட்டில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. நெல்லுக்குப் பக்கத்திலேயே தொட்டிகளையும் வரிசையாக வெயிலில் வைத்தேன். நெல்லைக் கிளறிவிடும்போதெல்லாம் அவற்றையும் திருப்பித் திருப்பி வைத்தேன். நமக்குத் தெரிந்தது அதுதானே? நெல்லோ உளுந்தோ வடகமோ, நன்றாகக் காய்ந்தால்தான் கெடாது. சாயங்காலம் பார்த்தால் ஆறிலும் விரிசல். ஒன்றைத் தூக்கினேன், விளிம்பு கையோடு வந்துவிட்டது.

உடைந்த துண்டை எடுத்துக்கொண்டு பாயிடம் போனேன், சண்டை போடத்தான். "கெட்டுப்போன சிமெண்டை என் தலையில கட்டிட்டீங்களே!" என்றேன். என்ன செய்தேன் என்று முழுவதும் கேட்டுவிட்டு மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இதென்ன நெல்லாம்மா, காயப் போடறதுக்கு? சிமெண்டு காஞ்சு இறுகாது, தண்ணி குடிச்சுத்தான் இறுகும். நெழல்ல வச்சு, ஈரச் சாக்கு போட்டு மூடி, ஏழு நாளு நனைச்சுக்கிட்டே இருங்க."

நல்ல சாக்கெல்லாம் நெல்லுக்குப் போய்விட்டது. எலி கடித்த சாக்குகளைப் பொறுக்கிக்கொண்டு கொல்லையில் மாமரத்தடியில் மறுபடி ஆரம்பித்தேன். மூன்று வேளையும் நனைத்தது உன் அண்ணன்தான். ஒருநாள் வாளியோடு நின்றுகொண்டு, "வசந்தி இருந்தா இந்நேரம் இதுக்கெல்லாம் கலர் அடிச்சிருப்பா" என்றார். நீ போன பிறகு அவர் உன் பெயரைச் சொன்னது அன்றைக்குத்தான். நான் கேட்காதவள் போல உள்ளே போய்விட்டேன். தொட்டி இறுகியதும் மாற்றி வைக்க, உன் மாடி ஜாதிமல்லியில் கிளை ஒடித்துவந்து முன்பே தனியாகப் பைகளில் நட்டிருக்கிறேன், எல்லாம் துளிர்த்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் காவ்யா வந்து நின்றாள். நேராகக் கொல்லைக்குப் போய்ச் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டாள்.

"இதென்ன அத்தை?"

"உங்கம்மா கேட்ட சீர்."

"நான்தான் வேணாம்னேனே?" குரல் உடைந்துவிட்டது அவளுக்கு.

"நீ வேணாங்கற, அவ வேணும்னா. நான் யாரு பேச்சைக் கேக்கறது? அவ எடம் காலியாத்தான்டி இருக்கும். அதுல நானும் வந்து நிக்க மாட்டேன், வேற யாரையும் நிக்க விடவும் மாட்டேன். ஆனா அவ ஆசைப்பட்டது அந்த வாசல் வழியா உள்ள வரணும்." சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன் வசந்தி. இத்தனை வருஷத்தில் நான் அழுது நீ எப்போதாவது பார்த்திருக்கிறாயா?

அவள் துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். ஒவ்வொரு சாக்காக விலக்கி, ஒவ்வொரு தொட்டியாகத் தொட்டுப் பார்த்தாள். வேண்டாம் என்று எழுந்து போய்விடுவாளோ என்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசித் தொட்டியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பத்துதான் இருக்கு. சீர்த் தட்டு ஒத்தப்படையில இல்ல வைக்கணும்? சிமெண்டு மிச்சம் இருக்கா அத்தை?"

இருந்தது வசந்தி, இருந்தது. பதினொன்றாவது தொட்டி உன் மகள் கையால் வார்த்தது. கொஞ்சம் கோணல்தான், இருக்கட்டும்.

தையில் பதினொரு மல்லிகையும் மண்டபத்துக்கு வரும். தூக்கி வருகிறவர்களுக்குக் கை வலிக்கும், வலிக்கட்டும். முதல் தட்டு உன் அண்ணன் கையில் இருக்கும். வாசலில் நீ நிற்க வேண்டிய இடத்துக்குக் கல்யாணப் பெண்ணே இறங்கி வந்து வாங்கிக்கொள்வாளாம், அவளே சொன்னாள். அதுவரை ஒரு தொட்டியும் உடையாமல், ஒரு செடியும் வாடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். போய்ச் சேர்ந்தவள் மேல் சத்தியம் செய்யலாமா என்று தெரியவில்லை. உன் மேல் சத்தியம்.

உன் அண்ணன் மனைவி, காவ்யாவுக்கு அத்தை,
என்றைக்கும் உனக்கு அண்ணி,
செல்வி